‘கொஞ்சம் பொறு’ என்பது தீர்வன்று

முன்முனை நிரலாக்கம் கற்பிக்கும் வகுப்பறைகளிலும், முதுநிலை மாணவர்களின் திட்டப்பணிகளிலும், ஆய்வுக்காக நாமே எழுதிக்கொள்ளும் கருவிகளிலும் ஒரு கெட்ட வழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு வரி எதிர்பார்த்த தருணத்தில் ஓடவில்லையா? அதைத் தூக்கி ‘செட்டைம்அவுட்’டுக்குள் போடு. முதலில் 0 மில்லிநொடி. சரிப்படவில்லையா, 50. அதுவும் போதவில்லையா, 300. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தபின் அந்த எண்ணை யாரும் தொடுவதில்லை. ஏன் 300 என்று வாய்மொழித் தேர்வில் எவரும் கேட்பதுமில்லை. இந்த வழக்கத்தை எதிர்த்தே இப்பதிவு. நீளமானது; பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

கோட்பாட்டளவில் எனக்கு இதன்மேல் எப்போதும் ஐயம் உண்டு. அது கோபமாக மாறியது பள்ளுருத்தியில். மட்டாஞ்சேரியிலிருந்து பள்ளுருத்தி வரை நீளும் இந்த நிலத்துண்டில் மலையாளத்தோடு தமிழும் கொங்கணியும் பிற மொழிகளும் அடுத்தடுத்த வீடுகளில் புழங்குகின்றன. இங்குள்ள முதியவர்களின் பேச்சுச் சொற்களைத் தொகுப்பதற்கென ஒரு சிறு வலைப்படிவம் செய்துகொண்டோம். வீடு வீடாகச் சென்று, சொல்லைக் கேட்டு, கைப்பேசியில் தட்டி, ‘அடுத்தவர்’ என்ற பொத்தானை அழுத்தி நகர வேண்டும். கூடவே ஒலிப்பதிவும் நடந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒலிப்பதிவோடு படிவத்தை ஒப்பிட்டபோது மூன்று வகைப் பிழைகள் தெரியவந்தன. ‘கடலை’ என்று சொன்னவரின் பதிவில் ‘கடல்’ இருந்தது. ஒருவர் சொன்ன சொல் பக்கத்து வீட்டவரின் பெயரில் இருந்தது. சில சொற்கள் எங்குமே இல்லை.

இவற்றுள் முதலாவதை எண்ணிப் பாருங்கள். ‘கடலை’ பாதியில் வெட்டுண்டு ‘கடல’ என்று நின்றிருந்தால் பிழை எனக் கண்டுபிடித்திருப்போம். ‘கடல்’ ஒரு முழுச் சொல். கடலோரத்து மனிதர் சொல்லக்கூடிய சொல்லும்கூட. ஒலிப்பதிவு இல்லாதிருந்தால் அது தரவாகி, அட்டவணையாகி, ஒருநாள் என் ஆய்வேட்டில் சான்றாகவும் ஆகியிருக்கும்.

பிழை எங்கிருந்து வந்தது? படிவம் ‘வியூ’ சட்டகத்தில் எழுதப்பட்டது. அதிலுள்ள ‘வி-மாடல்’ என்னும் வசதி உள்ளீட்டுப் பெட்டியையும் நிரலின் தரவையும் இணைத்து வைக்கும். ஆனால் விசைப்பலகை ஒரு சொல்லை உருவாக்கிக்கொண்டிருக்கும் இடைநிலையில் வி-மாடல் தரவைப் புதுப்பிக்காது. சீனம், ஜப்பானியம், கொரியம் போன்ற மொழிகளை எடுத்துக்காட்டி வியூவின் ஆவணமே இதைச் சொல்கிறது. அம்மொழிகளுக்கு அது நியாயமான முடிவு. சீனம் தட்டுபவரின் இடைநிலையில் இருப்பவை பெரும்பாலும் உரோமன் எழுத்துகள், அவற்றைத் தரவாக எடுத்துக்கொள்வதில் பொருளில்லை. கைப்பேசியில் தமிழ் தட்டுபவரின் நிலை வேறு. அவர் கண்ணுக்கு ஒவ்வொரு எழுத்தும் தட்டியவுடன் முடிந்துவிட்டது. நிரலுக்கோ சொல் இன்னும் முடியவில்லை.

படிவத்தை எழுதிய மாணவர் இந்த இடைவெளியைக் கண்டார், காரணத்தைத் தேடவில்லை. வி-மாடலைக் கைவிட்டு, விசை அழுத்தப்படும் நிகழ்வைப் பிடித்தார். அந்நிகழ்வு எழும்போது எழுத்து பெட்டிக்குள் வந்துசேர்ந்திருக்காது. ஆகவே செட்டைம்அவுட், 0 மில்லிநொடி. மடிக்கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் சரியாக ஓடியது. கைப்பேசியில் எழுத்து சில வேளை பிந்தியது. 50 ஆக்கினார். பிறகு 300. ஆனால் கைப்பேசியின் பரிந்துரைப் பட்டியில் தோன்றும் ‘கடலை’யை விரலால் தொட்டுத் தேர்ந்தால் விசை நிகழ்வு எழ வேண்டுமென்ற கட்டாயமே இல்லை. ‘கடல்’ வரை தட்டி, மிச்சத்தைப் பட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு முறையும் நிரல் ‘கடல்’ என்பதோடு நின்றுவிட்டது. 300-ஐ 3,000 ஆக்கினாலும் அது வந்திருக்காது. வராத நிகழ்வுக்காகக் காத்திருந்தோம். கேட்க வேண்டிய நிகழ்வு ‘இன்புட்’. பெட்டியின் உள்ளடக்கத்தைப் பயனர் எவ்வழியில் மாற்றினாலும் எழுவது அதுதான். ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும், காத்திருப்பே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் பிழை இன்னும் கொடியது. 300 மில்லிநொடி கழித்து ஓடும் நிரல்துண்டு, ‘இப்போதைய நபர்’ யார் என்று அப்போதுதான் பார்க்கிறது. அதற்குள் களப்பணியாளர் ‘அடுத்தவர்’ பொத்தானை அழுத்திவிட்டார். சொல் அடுத்தவரின் கணக்கில் விழுந்தது. காத்திருப்பை நீட்டினால் இந்தப் பிழை குறையாது, பெருகும். பொத்தானை அழுத்துவதற்கான இடைவெளியும் சேர்ந்து நீள்கிறது அல்லவா? முதற்பிழையைத் தணிக்கவென்று ஏற்றிய எண்ணே இரண்டாம் பிழைக்குத் தீனியானது. இதைப் புரிந்துகொண்ட நாளில் தூங்கவில்லை. நிரலை எழுதியவர் மாணவர். பார்த்து ஒப்புதல் அளித்தவன் நான்.

இனி அடிப்படைக்கு வருவோம். உலாவிப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஒற்றை இழையில் ஓடுவது. ஒரு பணி முடிந்த பிறகே அடுத்த பணி. ஒவ்வொரு பணியின் முடிவிலும் நுண்பணி வரிசை முற்றிலும் காலியாகும்வரை ஓடும். பிராமிஸின் தொடர்ச்சிகள் நிற்பது அவ்வரிசையில். அதன்பின், தேவையிருந்தால், உலாவி திரையை வரையும். பிறகு அடுத்த பணி. செட்டைம்அவுட் செய்வது ஒன்றே ஒன்று: குறித்த காலம் கழிந்தபின் ஒரு புதிய பணியை வரிசையில் சேர்ப்பது. நாம் தரும் எண் குறைந்தபட்சக் காத்திருப்பு. அந்நேரத்தில் ஓடும் என்ற உறுதி எங்கும் தரப்படவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து அடுக்குக்கு மேல் அடுக்கினால், 0 என்று எழுதினாலும் 4 மில்லிநொடிக்குக் குறையாது என்று எச்டிஎம்எல் தரநிலையே விதிக்கிறது. பக்கம் பின்னணிக்குப் போனால் உலாவிகள் இக்காத்திருப்புகளை நொடிக்கு ஒருமுறை என்ற அளவுக்குத் தள்ளிவைக்கும். 2021-இல் வெளியான குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் சங்கிலியாகத் தொடரும் காத்திருப்புகள், சில நிபந்தனைகளின்கீழ், நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே எழும். கைப்பேசியில் நினைவகம் போதாமற்போனால் பக்கமே கொல்லப்படலாம். எங்கள் மூன்றாம் பிழை அதுதான். களப்பணியாளர் ஒலிப்பதிவுச் செயலிக்கு மாறினார். நிலுவையிலிருந்த சேமிப்பு பக்கத்தோடு சேர்ந்து போயிற்று.

ஆக, ‘300 மில்லிநொடி கழித்து’ என்று எழுதும்போது நாம் சொல்வது என்ன? ‘அதற்குள் மற்றது முடிந்திருக்கும் என நம்புகிறேன்’ என்கிறோம். வரிசை பற்றிய ஒரு கூற்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் காலம் பற்றிய ஊகத்தை வைக்கிறோம். ஊகம் எழுதியவரின் கணினியில் பலிக்கும். பழைய கைப்பேசியில், மெலிந்த இணைப்பில், தமிழோ மலையாளமோ தட்டும் கையில் பலிக்காமல் போகும். பிழையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் தட்டும் ஆய்வுக்கூடத்தில் அது ஒருநாளும் தென்படாது.

பள்ளுருத்திக்குத் தெற்கே கும்பளங்கி, செல்லானம் பக்கம் போனால் செம்மீன்கெட்டுகளைக் காணலாம். ஓதம் ஏறும்போது தூம்பைத் திறந்து இறால் குஞ்சுகளை உள்ளே விடுவார்கள். வற்றும்போது தூம்பின் வாயில் வலையைக் கட்டிப் பிடிப்பார்கள். ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவது. நேற்று ஆறு மணிக்குத் திறந்தேன், இன்றும் ஆறு மணிக்கே திறப்பேன் என்று அங்கே ஒருவர் சொன்னால் இரண்டு வாரத்தில் அவரைத் தூம்பருகே விடமாட்டார்கள். பார்க்க வேண்டியது தண்ணீரை. நாமோ பட்டம் பெற்ற பிறகும் கடிகாரத்தைப் பார்த்துத் திறந்துகொண்டிருக்கிறோம்.

‘சட்டகம் பார்த்துக்கொள்ளும்’ என்போர் உண்டு. சட்டகங்கள் பார்த்துக்கொள்ளத்தான் முயல்கின்றன. நாம் அவற்றின் வரிசையை விட்டு வெளியே குதிக்கிறோம். எம்பர் சட்டகத்தின் ஓட்டச் சுழலில் வரிசைகளுக்குப் பெயர் உண்டு: செயல்கள், வரைதல், வரைந்த பின், அழித்தல் என்பன போல. ‘வரைந்த பின் இதைச் செய்’ என்று சொல்ல அங்கே வழி இருக்கிறது; மில்லிநொடி எண் வேண்டியதில்லை. அதே சட்டகத்தின் ‘லேட்டர்’ வழியாகத் தள்ளிவைத்தால் சோதனைக் கருவி அந்நிலுவையை அறிந்து காத்திருக்கும். வெறும் செட்டைம்அவுட் அதன் கண்ணில் படாது. ஒருநாள் வென்று மறுநாள் தோற்கும் சோதனைகளுக்கு இது ஒரு பெருங்காரணம். அவற்றை ‘நம்பகமற்ற சோதனை’ என்று ஒதுக்கிவைக்கிறோம். நம்பகமற்றது நிரல்.

ஆங்குலரில் ஒரு பிழைச்செய்தி உண்டு: சரிபார்த்து முடித்தபின் மதிப்பு மாறிவிட்டது என்பது அதன் சாரம். வளர்ச்சி நிலையில் ஆங்குலர் வேண்டுமென்றே இரண்டாம் முறை சரிபார்த்து இதை எழுப்புகிறது. உள்ளிருக்கும் கூறு தன் மேற்கூறின் தரவைப் பின்வாசல் வழியாக மாற்றுகிறது என்று அது நமக்குச் சொல்கிறது. மாணவர்களிடம் வழங்கும் மருந்து என்ன? அந்த வரியைச் செட்டைம்அவுட்டுக்குள் போடு. செய்தி மறையும், ஏனெனில் காத்திருப்பு முடிந்ததும் மறுபடி ஒரு சுற்றுச் சரிபார்ப்பு நடக்கும். தரவு எத்திசையில் பாய வேண்டும் என்ற கேள்வி அப்படியே கிடக்கும். காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போயிற்று என்பது போன்றது இது.

சட்டகங்களின் உள் அட்டவணை நிலையானது என்று நம்பி எழுதுவதும் ஆபத்து. வியூவின் ‘நெக்ஸ்ட்டிக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 பதிப்புக்கு முன் அது நுண்பணியில் ஓடியது. 2017-இல் வந்த 2.5-இல் சில இடங்களில் முழுப்பணிக்கு மாறியது. அதனால் வேறு சிக்கல்கள் எழ, 2019-இல் வந்த 2.6-இல் எல்லா இடத்திலும் மறுபடி நுண்பணிக்கே திரும்பியது. சட்டகத்தை ஆக்கியவர்களே இருமுறை மனம் மாற்றிய இடம் அது. ‘மாற்றம் திரையில் பதிந்த பின் இதைச் செய்’ என்ற உறுதியை மட்டும் நம்பி நெக்ஸ்ட்டிக்கை அழைத்தவர்களுக்கு அவ்வுறுதி நீடித்தது. ‘அது இத்தனாவது சுற்றில் ஓடும்’ என்று கணக்குப் போட்டு எழுதியவர்களின் கணக்குத் தவறியது. ரியாக்ட்டிலும் இதே கதை. 17-ஆம் பதிப்பு வரை செட்டைம்அவுட்டுக்குள் நிலையை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனடியாகத் திரை புதுப்பிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் வந்த 18-ஆம் பதிப்பின் புதிய வேர்முறைக்கு மாறியவுடன் அம்மாற்றங்கள் தொகுக்கப்பட்டு ஒரே முறையாக நடந்தன. பழைய பழக்கத்தை விதி என எண்ணி எழுதிய நிரல்கள் அன்று தடுமாறின. உடனடிப் புதுப்பிப்பு உண்மையிலேயே தேவைப்படும் இடத்துக்கு ‘ஃப்ளஷ்சிங்க்’ என்று பெயர் சொல்லி அழைக்கும் வழி இருக்கிறது. தேவையைப் பெயர் சொல்லிக் கேட்பதற்கும், நேரத்தைத் தள்ளிப் பார்த்து ஊகிப்பதற்கும் உள்ள தொலைவை இந்த இரு வரலாறுகளும் காட்டுகின்றன.

எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துக்கொள்கிறேன். காலமே பொருளாக உள்ள இடங்கள் உண்டு. அறிவிப்பு ஐந்து நொடி தெரிந்து மறைய வேண்டுமானால் அதற்குக் காத்திருப்புதான் கருவி. தேடல் பெட்டியில் தட்டுவது நின்றபிறகு வழங்கிக்கு வேண்டுகோள் அனுப்புவதும் முறையானதே. அங்கே 300 என்பது மனிதரின் தட்டும் வேகம் பற்றிய முடிவு. நீண்ட கணக்கீட்டைத் துண்டாக்கி, இடையில் உலாவிக்கு மூச்சுவிட இடம் தருவதும் நல்ல பழக்கமே. 50 மில்லிநொடிக்கு மேல் இழையைப் பிடித்துவைக்கும் பணியை ‘நீண்ட பணி’ என்றே கணக்கிடுகிறார்கள். அதற்கும் இன்று செம்மையான வழிகள் வந்துள்ளன. முன்னுரிமை சொல்லிப் பணியை ஒப்படைக்கும் ‘போஸ்ட்டாஸ்க்’ 2021-இலும், நடுவில் விட்டுக்கொடுத்துத் தொடரும் ‘யீல்ட்’ 2024-இலும் குரோமில் வந்தன. எல்லா உலாவிகளிலும் இருக்கும் என்று நம்ப முடியாததால், இல்லாத இடத்தில் செட்டைம்அவுட்டை மாற்றாக வைப்பதையும் ஏற்கிறேன். என் சண்டை காத்திருப்போடு இல்லை. காரணம் சொல்ல முடியாத காத்திருப்போடு.

‘இது ஆய்வு முன்மாதிரிதானே, வணிகப் பொருள் அல்லவே’ என்ற வாதத்தைத்தான் அதிகம் கேட்கிறேன். அது என்னைச் சினமூட்டுவது. வணிகப் பொருளில் பிழை இருந்தால் வாடிக்கையாளர் கூச்சலிடுவார், பழுது திருத்தப்படும். ஆய்வுத் தரவில் பிழை இருந்தால் கூச்சலிட யாருமில்லை. தன் சொல் அடுத்த வீட்டுக்காரரின் பெயரில் பதிவாயிற்று என்பது அந்த மூதாட்டிக்குத் தெரியவே தெரியாது. வேதியியல் ஆய்வகத்தில் கழுவாத குடுவையைப் பயன்படுத்தியவரை வெளியே நிறுத்துகிறோம். மொழியியலுக்கும் சமூகவியலுக்கும் இன்று குடுவையாக இருப்பது வலைப்படிவம். அதன் தூய்மையைக் கேட்காமல் புள்ளியியல் சோதனையின் பெயரை மட்டும் கேட்கிறோம்.

‘காலக்கெடு நெருங்கிவிட்டது’ என்போருக்கு ஒரு கணக்கு. இன்புட் நிகழ்வுக்கு மாற்ற ஒரு வரி. சொல்லைத் தட்டும்போதே அது யாருடையது என்ற எண்ணைச் சேர்த்துப் பிடித்துவைக்க இரண்டு வரி. ‘அடுத்தவர்’ அழுத்தும்போது நிலுவையை முதலில் எழுதி முடிக்க மூன்று வரி. பக்கம் மறையும் நிகழ்வில் அதையே செய்ய இன்னும் சில. இவற்றை எழுதி முடிக்க எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. பிழைபட்ட பதிவுகளை ஒலிப்பதிவோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்த வாரங்கள் ஆயின.

ஆகவே ஆசிரியர்களிடமும் நெறியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவரின் நிரலில் தள்ளிவைக்கப்பட்ட வரி ஒன்றைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எதற்குப் பின் ஓட வேண்டும்? விடை ஒரு நிகழ்வாகவோ ஒரு வரிசையின் பெயராகவோ இருக்க வேண்டும். எண்ணாக இருந்தால் அந்த எண் மனிதரின் காலத்தைக் குறிக்கிறதா என்று தொடருங்கள். இது யாருடையது? தள்ளிவைத்த கூறு திரையிலிருந்து நீங்கிய பிறகும் இது ஓடுமானால் அது அநாதைப் பணி. அதை நீக்கும் பொறுப்பு கூறுக்கு உண்டு. ரியாக்ட்டின் விளைவு நீக்கமும் எம்பரின் அழித்தல் வரிசையும் அதற்கென்றே இருப்பவை. ரியாக்ட் 18-இன் கண்டிப்பு முறை வளர்ச்சி நிலையில் விளைவுகளை இருமுறை ஓட்டிப் பார்ப்பதும் நீக்கத்தை மறந்தவர்களைப் பிடிக்கத்தான். மூன்றாவது: ஓடும்போது உலகம் மாறியிருந்தால் என்ன ஆகும்? எந்த மதிப்பைத் தள்ளிவைத்த கணத்திலேயே பிடித்துவைக்க வேண்டும், எதை ஓடும் கணத்தில் புதிதாகப் பார்க்க வேண்டும் என்று மாணவர் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இம்மூன்றுக்கும் விடை சொல்லும் மாணவருக்குச் சட்டகம் எதுவானாலும் கவலையில்லை. விடை சொல்ல இயலாதவருக்கு நாம் கற்பித்தது ஒரு சட்டகத்தின் தொடரமைப்பு மட்டுமே. அது அடுத்த பதிப்பில் மாறிவிடும்.

மாணவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். காத்திருப்பைச் சேர்த்ததும் பிழை மறைந்தால் மகிழாதீர்கள். இரண்டு செயல்கள் ஒன்றையொன்று முந்துகின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. அந்த எண்ணை உடனே நீக்கிவிட்டு, முந்துவது எது, முந்தப்படுவது எது என்று தேடுங்கள். உங்கள் படிவத்தைத் தமிழ் விசைப்பலகையோடு ஒரு மலிவான கைப்பேசியில் சோதியுங்கள். பரிந்துரைப் பட்டியிலிருந்து சொல்லைத் தேர்ந்து பாருங்கள். சேமிக்கும் முன் வேறு செயலிக்கு மாறித் திரும்புங்கள். ஆங்கிலத்தில் ஒளிந்திருந்த பிழைகள் பத்து நிமிடத்தில் வெளியே வரும்.

எங்கள் தொகுப்பில் ஒலிப்பதிவு இருந்த சொற்களைத் திருத்திவிட்டோம். ஒலிப்பதிவு தெளிவாக அமையாத பதிவுகள் சிலவற்றில் எச்சொல் யாருடையது என்று உறுதிசெய்ய இயலவில்லை. அவற்றை நீக்கினோம். தங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நேரம் ஒதுக்கிப் பேசியவர்களின் சொற்கள் அவை. ஆய்வேட்டின் முறையியல் இயலில் இந்த நீக்கத்தையும் அதன் காரணத்தையும் எழுதுகிறேன். ஒரு செட்டைம்அவுட்டின் பெயர் அங்கே வருவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வரட்டும்.